பேசிக்கொண்டே ஆடுவது: ஒரு தனிநடனம் உருவான விதம்

ஒரே ஆள், பத்து நிமிடம், இசை கிடையாது. ஆடுபவர் மேடையிலேயே வாய்விட்டுப் பேச வேண்டும். பேச்சு ஆட்டத்துக்கு விளக்கவுரையாக இருக்கக் கூடாது. ஆட்டமும் பேச்சுக்குப் படம் போட்டுக் காட்டக் கூடாது. இந்த நிபந்தனையோடுதான் வேலையைத் தொடங்கினோம். நடன அமைப்பு என்னுடையது. ஆடியவர் சமகால நடனத்தில் நல்ல பயிற்சி உள்ளவர், ஆனால் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். எது நின்றது, எது உதிர்ந்தது, ஏன் என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே முயற்சியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: சொல்லையும் அசைவையும் ஒன்றோடொன்று நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். இரண்டையும் மூச்சில் கட்டுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த கதை.

உரையிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மானிய நடன அமைப்பாளர் பீனா பௌஷ் தன் நடனக்குழுவினரிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் சொல்லாலும் உடலாலும் கொடுத்த பதில்களிலிருந்து படைப்புகளைக் கட்டியவர். அந்த வழியை எடுத்துக்கொண்டு, “வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கடைசியாக எதைத் தொடுவீர்கள்?” என்று ஆடுபவரிடம் கேட்டேன். கதவு, பூட்டு, சாவி என்று பேச்சு போனது. பாதி வழியில் திரும்பி ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பது வரை வந்தது. அதைத்தான் உரையாக எழுதினோம். தொடக்கம் இப்படி:

“பாதி வழி வந்துட்டேன்.
கதவைப் பூட்டினேனா?
சாவி கையில இருக்கு.
சாவி கையில இருந்தா பூட்டினதாத்தானே அர்த்தம்?
பூட்டு விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கு.
ஆனா அது நேத்துக் கேட்ட சத்தம்.”

இதை முதலில் எழுத்துத் தமிழில்தான் எழுதியிருந்தோம். “பூட்டியதாகத்தானே பொருள்” என்று சொல்லும்போதெல்லாம் அவர் தோள் இரண்டும் தானாக மேலே ஏறின, கழுத்து விறைத்தது, மேடைப்பேச்சு நிற்பு வந்துவிட்டது. பேச்சு வழக்குக்கு மாற்றியதும் தோள் இறங்கியது. ஆட்டத்துக்கு உரை எழுதுபவர்கள் இதை அவசியம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் உடம்பில் எங்கே உட்காருகிறது என்பது காகிதத்தில் தெரியாது. சில உரைகளுக்கு அந்த விறைப்பே தேவைப்படலாம், இதற்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், உணர்ச்சியின் பெயரைச் சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். “பயமா இருக்கு”, “பதற்றமா இருக்கு” என்று வாய் சொல்லிவிட்டால் உடம்புக்கு வேலை இல்லை. பார்ப்பவருக்கும் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. பூட்டு, சாவி, சத்தம், பாதி வழி என்று பொருள்களும் இடங்களும் மட்டும் உரையில் நின்றன. பயம் எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வந்தது.

அசைவுத் தொடரை உரையோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக உருவாக்கினோம். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, முழங்கையை விலாவிலிருந்து பிரிப்பது, முதுகுத்தண்டை ஒவ்வொரு எலும்பாக உருட்டிக் கீழே போவது, ஒரு தாவல், தரையில் பக்கவாட்டில் ஒரு புரளல். இவற்றை அடுக்கு முறையில் கோத்தோம்: முதலாவது, பிறகு முதலாவதும் இரண்டாவதும், பிறகு முதல் மூன்றும். இந்த முறைக்கு முன்னோடி அமெரிக்க நடன அமைப்பாளர் திரிஷா பிரவுன். 1971-இல் கட்டைவிரலை நீட்டிக் கையைத் திருப்பும் மிகச் சின்ன அசைவில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் நடனத்தை அவர் ஆடினார். பின்னால் அதே நடனத்தை ஆடிக்கொண்டே பேசத் தொடங்கினார். 1979-இல் இரண்டு நடனங்கள், இரண்டு கதைகள், நான்கையும் மாற்றி மாற்றி வெட்டி ஆடும் வடிவத்துக்குப் போனார். அதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வரும் அசைவு, புதிய சொற்களைத் தாங்கும். ஏற்கெனவே பார்த்த அசைவைக் கண் நிம்மதியாக விட்டுவிடும். காதுக்கு இடம் கிடைக்கும்.

சேர்த்துப் பார்த்தபோது

உரையைத் தனியாகச் சொன்னால் நன்றாக இருந்தது. தொடரைத் தனியாக ஆடினால் நன்றாக இருந்தது. சேர்த்ததும் “பூட்டினேனா” என்ற சொல்லுக்கு அவருடைய வலது கை சாவி திருப்பப் போனது. தொடரில் அப்படி ஓர் அசைவே கிடையாது.

“அக்கா, கை தானா போகுது. நிறுத்த முடியல.”

“நிறுத்த வேண்டாம், போகட்டும். எந்த எழுத்துல போகுதுன்னு மட்டும் பாரு.”

பரதநாட்டியம் போன்ற நடனங்களில் சொல்லுக்குச் சொல் கை முத்திரை பிடிக்கும் பதார்த்த அபிநயம் ஒரு முழுமையான கலை. அதோடு சஞ்சாரி என்னும் விரிவும் சேரும்போது கை, கண், மனம் எல்லாம் ஒரு வரியைச் சுற்றிப் பலவிதமாக விரித்துக்கொண்டே போகும். அந்தப் பயிற்சி உள்ள உடம்பில் சொல் விழுந்தால் கை எழுந்திருப்பது இயல்பு. ஆனால் அன்றாடச் சொற்களுக்கு அன்றாடச் சைகை சேரும்போது விரிவு எதுவும் நடப்பதில்லை. ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது, அவ்வளவுதான். பார்ப்பவர் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டு, இரண்டாவது தடவை முடியக் காத்திருக்கிறார்.

எனவே அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் போனது இந்த வரிக்குத்தான். “கதவைப் பூட்டினேனா?”

முதலில் “கதவை” என்னும்போது எடையை மாற்றிப் பார்த்தோம். தமிழில் வினை கடைசியில் வருவதால், “கதவை” என்று கேட்கும்போது கதவுக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியாது. திறந்ததா, உடைத்ததா, விற்றதா, எதுவும் வரலாம். அந்த இடத்தில் உடம்பு அசைந்தால் அது எந்தப் பொருளையும் காட்டுவதில்லை, ஒரு எதிர்பார்ப்பைத் தொடங்கி வைக்கிறது. நல்ல இடம், ஆனால் வரி மொத்தத்தையும் அது தாங்கவில்லை. அடுத்து “பூட்டி” என்னும் இடத்தில் முழங்கையைப் பிரித்தோம். எந்த அசைவை அங்கே வைத்தாலும் அது பூட்டுவதாகவே தெரிந்தது. தலையைத் திருப்பினால்கூடப் பூட்டுவதாகத் தெரிந்தது! வினைச்சொல்லுக்கு அவ்வளவு இழுப்பு.

மூன்றாவதாக, “பூட்டினே...” வரைக்கும் அசையாமல் நின்று, கடைசி “...னா”வில் மட்டும் முதுகுத்தண்டை விடச் சொன்னேன். மார்புக்கூடு கொஞ்சம் இறங்கியது, முழங்கால் மடிந்தது, தலை கடைசியாக வந்தது. பூட்டு காணாமல் போய்விட்டது. சந்தேகம் மட்டும் உடம்பில் இருந்தது. வரியில் சந்தேகத்தைச் சுமப்பது அந்த ஆகாரம் ஒன்றுதான். “பூட்டினேன்” வரைக்கும் எல்லாம் உறுதி. உடம்பு எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எங்களுக்குப் பிடிபட்டது. அதோடு, அந்த “ஆ” நெடில், இரண்டு மாத்திரை. இழுத்தால் இன்னும் நீளும். மூச்சு வெளியேறும் வரை உடம்பு இறங்கிக்கொண்டே போகலாம். “பூட்டி”யில் உள்ள “ட்” அதற்கு நேர் எதிர்: நாக்கு மேலே ஒட்டி மூச்சை முழுசாக அடைக்கும் அரை மாத்திரை நிசப்தம். அங்கே உடம்பும் நின்றது. அடைப்பில் நிற்பு, நெடிலில் இறக்கம். இதை வைத்து மற்ற வரிகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனோம்.

மூச்சுக் கணக்கு

இனி உடம்பு விஷயம். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பேசும்போது கணக்கு மாறுகிறது: சட்டென்று உள்ளே இழுத்து, நீளமாக, கட்டுப்பாட்டோடு வெளியே விட வேண்டும். ஆடும்போது உடம்பு கேட்பது வேறு: வேகமாக உள்ளே, வேகமாக வெளியே. உடற்பயிற்சி செய்பவர்கள் தங்கள் வேகத்தை அளக்கப் பேச்சையே பயன்படுத்துவது இதனால்தான். வாக்கியம் முழுசாக வரவில்லை என்றால் உழைப்பு கடுமை என்று பொருள்.

இன்னொரு மோதலும் உண்டு. நிலைதடுமாறாமல் இருக்க உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அதே வயிற்றுத் தசைகள்தான் பேசும்போது மூச்சை அளந்து வெளியே விடவும் வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும்போது குரல் நசுங்கி வருவதைக் கேட்டிருப்பீர்கள். பெரிய எடையைத் தூக்கும்போதோ தாவப்போகும்போதோ தொண்டைக்குள் குரல்நாண்கள் தாமாக மூடிக்கொண்டு காற்றை உள்ளேயே பிடித்து வைக்கும்; அந்த விநாடியில் சொல் வராது, வந்தாலும் முக்கலாக வரும். தலையைப் பின்னால் முழுசாகச் சாய்த்தால் தொண்டை இழுபட்டுக் குரல் இறுகிவிடும்.

இதையெல்லாம் எதிர்த்துப் போராடும் பயிற்சிகள் இருக்கின்றன. நாங்கள் போராடவில்லை, இடம் மாற்றினோம். எழும் அசைவு, விரியும் அசைவு, கை மேலே போகும் அசைவு எல்லாம் மூச்சு உள்ளே வரும் இடங்கள். அங்கே சொல் இல்லை. இறங்குவது, சுருங்குவது, உருண்டு கீழே போவது மூச்சு வெளியேறும் இடங்கள், சொல் அங்கே. தாவலின் உச்சியில் மௌனம். தரையில் விழும்போது காற்று தானாக “ஹ்” என்று வெளியே தள்ளப்படும். அந்தக் காற்றின் முதுகிலேயே “நேத்துக் கேட்ட சத்தம்” என்ற வரியை ஏற்றினோம். அதற்கு முன் அந்த வரியை எப்படிச் சொல்வது, சோகமாகவா, வியப்பாகவா என்று நிறையப் பேசியிருந்தோம். விழுந்த மூச்சில் சொன்னதும் அந்தக் கேள்வியே தேவைப்படாமல் போயிற்று.

ஒத்திகைப் பிரதியையும் இதற்கேற்ப மாற்றினேன். பக்கத்தை மூன்றாக மடித்து இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அசைவு, நடுவில் மூச்சு. நடுப்பத்தியில் மேல்நோக்கிய அம்பு, கீழ்நோக்கிய அம்பு, நிற்பதற்கு ஒரு கோடு, இவ்வளவுதான். நடுப்பத்தியை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்ற இரண்டையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. வரி மூச்சைத் தாண்டினால் வரியை வெட்டு; அசைவை அவசரப்படுத்தாதே.

மனப்பாடம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சொல்லையும் அசைவையும் ஒன்றாகவே மனப்பாடம் செய்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றை அரை விநாடி தள்ளி வைக்கவே முடியாது. உரையை உணர்ச்சி எதுவும் சேர்க்காமல், வேகமாக, துணி மடித்துக்கொண்டோ நடந்துகொண்டோ சொல்லிப் பழகுவது நல்லது. கை வேறு வேலையில் இருக்கும்போதும் வாய் தடுமாறாமல் ஓடினால் உரை தயார். சேர்த்து ஆடும்போது அவருக்குச் சொல் தவறிய இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: திசை மாறும் இடங்கள். முகம் வேறு பக்கம் திரும்பியதும் அடுத்த சொல் காணாமல் போகும். எனவே திருப்பங்களுக்கு முன் வாக்கியத்தை முடித்துவிட்டோம். திரும்பிய பிறகு புதிய மூச்சு, புதிய வரி. ஒத்திகையில் குரலைச் சேமிக்கக் குசுகுசுவென்று சொல்வதை நான் அனுமதிக்கவில்லை. குசுகுசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதில்லை, காற்று மிக வேகமாகத் தீர்ந்துவிடும், மூச்சுக் கணக்கு பொய்யாகிவிடும். மெல்லிய, ஆனால் உண்மையான குரலில் சொன்னால் போதும்.

யார் பேசுவது?

ஆடுபவரே பேச வேண்டுமா என்ற கேள்வியையும் வேலைக்கு நடுவில் ஒருமுறை திறந்து பார்த்தோம். வேறு வழிகள் இருக்கின்றன. கிரிஸ்டல் பைட் 2016-இல் நான்கு பேருக்காக அமைத்த ‘தி ஸ்டேட்மென்ட்’ நடனத்தில் ஜோனதன் யங் எழுதிய உரையாடல் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. ஆடுபவர்கள் அந்தப் பேச்சின் ஒவ்வொரு அசைக்கும் உடம்பால் துல்லியமாகப் பதில் சொல்கிறார்கள். மூச்சுப் பிரச்சினை இல்லை என்பதால் அங்கே அசைவின் வேகத்துக்கு எல்லையே இல்லை. பில் டி. ஜோன்ஸ் 2012-இல் செய்த ‘ஸ்டோரி/டைம்’ இன்னொரு வழி: அவர் மேசையில் உட்கார்ந்து ஒரு நிமிடக் கதைகளைப் படிக்க, குழு சுற்றி ஆடும். அதற்கு மூலம் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். 1959-இல் வெளிவந்த அவருடைய ஒலிப்பதிவில் 90 கதைகள், கதை நீளமோ குட்டையோ ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு நிமிடம்.

நாங்களும் உரையைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு ஆடிப் பார்த்தோம். ஆட்டம் கூர்மையானது, உண்மை. ஆனால் எங்கள் உரையில் பேசுபவர் தன்னைத்தானே நம்ப முடியாத ஆள். மூச்சு வாங்காத, தடுமாறாத, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும் குரல் அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. நேரடிப் பேச்சிலேயே நின்றோம். கேஜின் ஒரு நிமிடச் சட்டத்தை மட்டும் ஒரு பயிற்சியாக வைத்துக்கொண்டோம்: “சாவி கையில இருக்கு” என்ற மூன்றே சொல்லை ஒரு முழு நிமிடத்துக்குப் பரப்பு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி கிடைக்கிறது. அங்கே தொடரின் பெரும்பகுதியை ஆடிவிடலாம். வாக்கியம் முடியாமல் காற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். கையில் என்ன என்று தெரியும், இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியாது. அந்தப் பயிற்சி அப்படியே நடனத்தின் நடுப்பகுதியாகிவிட்டது.

மைக்கும் முதுகும்

சின்ன அரங்கில் மைக் இல்லாமலே ஆடினோம். என் விருப்பமும் அதுதான். குரல் உடம்பு இருக்கும் இடத்திலிருந்தே வரும். ஆனால் முதுகைக் காட்டிப் பேசும்போது குரலின் அளவு குறைவதைவிட மெய்யெழுத்துகள் மங்குவதுதான் பெரிய இழப்பு. சொல்லின் தெளிவைத் தரும் உயர் அதிர்வெண்கள் பேசுபவரின் முகம் இருக்கும் திசையிலேயே அதிகம் போகும். எனவே பார்வையாளர் முதல் தடவை கேட்கும் வரி எதையும் பின்பக்கம் திரும்பிச் சொல்ல வைக்கவில்லை. ஏற்கெனவே கேட்ட வரியாக இருந்தால் பாதி கேட்டாலும் காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

பெரிய அரங்குக்கு ஹெட்செட் மைக் வைத்தோம். காதில் மாட்டி, கன்னத்தில் வாயோரத்துக்குக் கொஞ்சம் பின்னால் மருத்துவ டேப்பால் ஒட்டுவது. வாய்க்கு நேரே வைத்தால் ப, ட விழும் இடமெல்லாம் காற்று மோதிச் சத்தம் வரும். டிரான்ஸ்மிட்டர் பெட்டியை வழக்கமாக இடுப்பின் பின்னால் செருகுவார்கள். தரையில் புரளும் ஆட்டத்துக்கு அது ஆகாது, நேராக முதுகெலும்பில் குத்தும். முதுகெலும்பைத் தவிர்க்க இடது விலாவுக்குக் கீழே அகலமான எலாஸ்டிக் பட்டையில் வைத்தோம். பிடரியில் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், இல்லாவிட்டால் தலை குனியும்போது மைக் இழுபடும். வியர்வை பெட்டிக்குள் போகாமல் இருக்க மெல்லிய ரப்பர் உறை. காட்சிக்குக் காட்சி புது பேட்டரி.

ஒலிப் பொறியாளரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டோம். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டச் சொன்னோம், கால் தரையில் அறையும் அதிர்வு ஸ்பீக்கரில் வராமல் இருக்க. கம்ப்ரசரைக் குறைவாக வைக்கச் சொன்னோம். கம்ப்ரசர் உரத்த ஒலியை அடக்கி மொத்தத்தையும் மேலே தூக்குவதால் சொல்லுக்கு இடையிலுள்ள மூச்சும் சொல் அளவுக்கே கேட்கத் தொடங்கும். பேச்சு நிகழ்ச்சிகளில் மூச்சை மறைப்பார்கள். இங்கே மூச்சு கேட்க வேண்டும், ஆனால் உடம்பின் தூரத்திலிருந்து கேட்க வேண்டும்.

காட்டிக் கேட்டதும் மாற்றியதும்

பாதியில் சிலருக்கு ஆடிக் காட்டினோம். “புரிந்ததா” என்று கேட்கவில்லை. “எந்தச் சொல் நினைவிருக்கிறது, எந்த அசைவு நினைவிருக்கிறது” என்று மட்டும் கேட்டோம். பதில்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: புதுச் சொல்லும் புது அசைவும் ஒரே நேரத்தில் வந்த இடம் யாருக்கும் நினைவில் இல்லை. எங்களுக்கு மிகவும் பிடித்த, மிகவும் உழைத்த புரளல் பகுதிதான் அது! அந்த இடத்தில் அவர் பூட்டு விழுந்த சத்தத்தைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். கதை கேட்கத் தொடங்கினால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

அதன்பின் பேச்சில் புதிய தகவல் வரும்போது அசைவு பழையதாக, எளியதாக இருக்கும்படி எல்லாவற்றையும் திருத்தி அடுக்கினோம். சத்தம் பற்றிய பகுதி முதல் எடைமாற்றத்தின் மேல் போய் உட்கார்ந்தது. புரளலுக்கு அவர் ஏற்கெனவே சொன்ன “பாதி வழி வந்துட்டேன்” மட்டும் திரும்பத் திரும்ப. பாதி வழி என்று சொல்லிக்கொண்டே அவர் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புரண்டு போவார். எந்த இடத்தில் சொன்னாலும் அது பாதி வழியாகவே இருந்தது. உரையிலும் அசைவிலும் எதையும் புதிதாகச் சேர்க்காமல் கிடைத்த பொருள் இது.

உரையின் கடைசி வரியாக “பூட்டித்தான் இருந்தது” என்று எழுதியிருந்தோம். அதையும் எடுத்துவிட்டோம். அவர் திரும்பிப் போகிறார் என்பது வரைதான் இப்போது உரை. மீதி இரண்டரை நிமிடம் பேச்சில்லாமல் முழுத் தொடரும் ஒருமுறை ஓடுகிறது. ஒவ்வொரு அசைவும் எந்தச் சொல்லோடு வந்தது என்பது பார்ப்பவர் காதில் இருப்பதால், வாய் மூடியிருந்தாலும் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இனி செய்ய வேண்டியது: இதே மூச்சுப் பத்தியை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு. ஒருவர் பேச, மற்றவர் அந்த மூச்சில் ஆட வேண்டும். தூக்கும் அசைவுகள் வரும்போது தூக்குபவர் பேச முடியாது, தூக்கப்படுபவரால் முடியும்; எனவே சொற்களை யார் எங்கே கைமாற்றுவது என்பதிலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும். மூன்று பத்தியை நான்காக மடிக்கப் பெரிய தாளாக வாங்கி வைத்திருக்கிறேன்.